இறக்கை விரல்

டெரோடாக்டைல் என்ற பேருக்கு அர்த்தம் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்து நாலு வயது. ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குத் தெரிந்தது இந்த மலையில் வேறு ஒருத்திக்கும் தெரியாது என்ற நினைப்பு உள்ளே ஊறிக் கிடந்தது. இப்போது அந்தப் பெண்ணை என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினால் ஓர் அறை விட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன்.

பள்ளி நூலகத்தில் அட்டை கழன்ற கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது. அதில்தான் படித்தேன். கிரேக்க மொழியில் டெரோன் என்றால் இறக்கை, டாக்டைலோஸ் என்றால் விரல். சேர்த்தால் இறக்கை விரல். கல்லுக்குள் பதிந்திருந்த அந்த எலும்புக்கூட்டை முதலில் பார்த்தவர்களுக்கு அது என்ன பிராணி என்றே விளங்கவில்லையாம். கடலில் நீந்தியதாக இருக்கலாம் என்றார்கள். அதன் நீண்ட விரலைத் துடுப்பு என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். பிறகு பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஒருவர் எலும்பைச் சரியாகப் படித்து, இது பறந்த பிராணி, இறக்கையைத் தாங்கியது இந்த விரல்தான் என்று கண்டு, அதையே பேராகவும் வைத்தார்.

வகுப்பில் இதை நான் சொல்லிக் கொடுத்த விதமே தனி. எல்லாரையும் கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்வேன். கட்டைவிரலிலிருந்து எண்ணச் சொல்வேன். அந்தப் பிராணிக்கு முதல் மூன்று விரலும் சின்னது, நகத்தோடு. நாலாவது மட்டும் உடம்பையே மிஞ்சிய நீளம். நம் கையில் அது மோதிர விரல். மற்ற விரல்களை மேசையில் அழுத்திக்கொண்டு அதை மட்டும் தூக்குங்கள் பார்க்கலாம் என்பேன். யாருக்கும் சரியாகத் தூக்க வராது. நமக்குச் சோம்பேறி விரல், அதற்கு உயிரே அந்த விரல்தான் என்று முடிப்பேன். வௌவாலின் இறக்கைக்குக் குடை மாதிரிப் பல கம்பி, இதற்கு ஒரே கம்பி, அது ஒடிந்தால் கதை முடிந்தது என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

நவம்பர் மாதக் கடைசியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மற்ற டீச்சர்கள் எரிமலையும் நீர்மின் நிலையமும் செய்யப்போவதாகத் தெரிந்ததும், நான் டெரோடாக்டைல் செய்வதென்று முடிவு கட்டினேன். ஆள் உயரத்துக்கு இறக்கை விரித்து நிற்க வேண்டும். மழை ஊரில் உடைந்த குடைக்கா பஞ்சம்? பஜாரில் குடை ரிப்பேர் செய்பவரிடம் ஒரு சாக்கு நிறையக் கிழிந்த குடைகளை வாங்கி வந்தேன். கருப்புத் துணி இறக்கைக்கு, கம்பி எலும்புக்கு. பாதிக் கம்பி துருவேறிக் காவி நிறத்தில் இருந்தது. பழங்காலப் பிராணிக்கு அந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

துணியைக் கம்பியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. தைக்கிறவள் என் அக்கா.

எஸ்டேட் ரைட்டராக இருந்த அப்பா திடீரென்று போன பிறகு, எங்கள் வீட்டு உலை அக்காவின் தையல் மெஷினால்தான் கொதித்தது. ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துத் தைத்து என்னை டீச்சர் படிப்பு படிக்க வைத்தாள். அதில் அவளுக்கு முப்பத்தொரு வயதாகிவிட்டது. வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்குக் காபி ஆற்றி அம்மாவுக்குக் கையே ஓய்ந்து போயிருந்தது. கடைசியில் சேலத்திலிருந்து ஒரு வரன் அமைந்தது. மில்லில் கிளார்க், சாந்தமான மனிதர், அக்காவைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. இந்த இடம் தவறினால் இன்னொன்று வராது என்று அம்மா எங்கள் எதிரிலேயே சொன்னாள். அக்காவுக்கும் அது தெரியும். அந்த மாதம் முழுக்க அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தாயார் அக்காவின் இடது கை மோதிர விரலில் மோதிரம் போட்டார். கொஞ்சம் இறுக்கம். விளக்கெண்ணெய் தடவி ஏற்றினார்கள். எங்கள் வகையறாவில் அந்த மோதிரத்தைப் பெண் கழற்றக் கூடாது. கல்யாணத்தன்று மாதா கோயில் பீடத்தின் முன்னால் பங்குச் சாமியார்தான் கழற்றி, மந்திரித்துத் திரும்பப் போடுவார். அதற்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை கூற வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் சபைக்கு அறிவிப்பதைத்தான் ஓலை என்போம். முதல் ஓலை கூறிவிட்டால் பெண் ஊசி தொடக் கூடாது, கத்தி தொடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மெஷினுக்குத் துணி போர்த்தி மூலையில் தள்ளி வைத்துவிட்டாள். மூன்றாவது ஓலைக்குப் பிறகு வரும் புதன்கிழமை கல்யாணம். அதற்கடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் பிறந்துவிடும். அப்புறம் கிறிஸ்துமஸ் கழிகிற வரைக்கும் எங்கள் சாமியார் கல்யாணம் வைக்க மாட்டார்.

முதல் ஓலை கூறிய வாரம், புதன்கிழமை சாயங்காலம், அம்மா ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். மழை விடாமல் பெய்தது. ஜன்னல் இடுக்கு வழியாக மஞ்சு மூட்டம் உள்ளே வந்து அறை முழுக்க நின்றது. நான் அக்காவைக் கெஞ்சினேன். இரண்டு இறக்கையும் அப்படியே கிடக்கிறது, நீ தைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம், நான் தைத்தால் அடுத்த வருஷக் கண்காட்சிக்குத்தான் ஆகும் என்றேன். அம்மா வந்தால் தோலை உரித்துவிடுவாள் என்று அவள் சொன்னாலும், கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. மூன்று நாளாகச் சும்மா இருந்தவள் அல்லவா! உன்ற பல்லிக்கு நான் றெக்கை தைக்கணுமா என்று கேலி செய்துகொண்டே ஊசியை எடுத்தாள்.

இரண்டாவது இறக்கையில், வளைத்துக் கட்டியிருந்த நீண்ட கம்பி விடுபட்டுத் தெறித்தது. அதன் முனை அக்காவின் மோதிர விரல் நுனியில் இறங்கியது. பிடுங்கினபோது ஒரு சொட்டு ரத்தம்தான் வந்தது. ஒன்றுமில்லை, எறும்பு கடித்த மாதிரிதான் என்று விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, மிச்சத்தையும் தைத்து முடித்தாள்.

மலையில் எல்லார் வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. இரும்பு குத்தினால் டிஸ்பென்சரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முள் குத்தினால் வீட்டு வைத்தியம். எஸ்டேட்டில் கவாத்துக் கத்தியோடும் முள்வேலியோடும் புழங்குகிற ஜனத்துக்கு இது பால்பாடம். அம்மாவிடம் இரும்பு என்று சொன்னால் ஏது இரும்பு என்பாள். ஊசி தொட்ட விஷயம் வெளிவரும். என் பிராணி மழையில் முற்றத்துக்குப் போகும். நான்தான் சொன்னேன், எலுமிச்சை முள் என்று சொல்லிவிடு அக்கா என்று. கொல்லையில் எலுமிச்சை மரம் இருந்தது. அவளும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை விரல் விண்விண் என்று தெறிப்பதாகச் சொன்னாள். அம்மா பார்த்தாள். முள்ளுதானே, நகச்சுத்தியாகத் திரும்பியிருக்கிறது என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு, மஞ்சள் வைத்து, விரலில் செருகிவிட்டாள். யாரும் செய்கிற வைத்தியம்தான். பழம் விரலின் முக்கால்வாசியை மூடிக்கொண்டது. கீழே மோதிரம் மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. அக்கா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேரைச் சாமியார் வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். அப்போதுதான் கவனித்தேன், மோதிரம் சதைக்குள் போயிருந்தது. இரண்டு பக்கமும் வீங்கி, நடுவில் தங்கம் ஒரு கோடாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை சோப்பு போட்டு இழுத்துப் பார்த்தேன். நூல் சுற்றிப் பார்த்தேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள், மோதிரம் அசையவில்லை. பஜாரில் ஆசாரி இருக்கிறார், இரண்டு நிமிஷத்தில் அறுத்துக் கொடுப்பார், அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் செத்துவிட்டது.

"ரெண்டு ஓலை கூறியாச்சு கண்ணு. இப்பப் போயி மோதிரத்தை அறுக்கறதும், நாளைக்குத் தாலிய அறுக்கறதும் ஒண்ணுதான். ஒரு முள்ளுக்குப் போயி யாராச்சும் அதைச் செய்வாங்களா?"

ஒரு முள்ளுக்குப் போய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். முள் இல்லை அம்மா, குடைக்கம்பி என்று சொல்ல இரண்டு வினாடி ஆகியிருக்குமா? சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கண்காட்சி, நடுவில் நாலே நாள், அதற்குள் வடிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்த தப்பு என்று இதை யாரும் மன்னிக்க வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

அந்த நாட்களில் வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. மழை நிற்கவில்லை. சேலம் ரோட்டில் மண் சரிந்து அரை நாள் பஸ் இல்லை. முன்னறையில் உத்தரத்திலிருந்து என் பிராணி தொங்கியது. இறக்கையைப் பள்ளித் தையல் டீச்சர் தைத்துக் கொடுத்ததாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். காற்றடித்தால் இறக்கை சுவரில் உரசும். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. பாம்புக்கு றெக்கை முளைத்தால் அது பிசாசு, கல்யாண வீட்டில் இதைக் கட்டி வைத்திருக்கிறாயே என்று கரித்துக்கொட்டினாள். உள்ளறையில் அக்கா காய்ச்சலோடு படுத்திருந்தாள். அந்த அறையில் பழைய எலுமிச்சை வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாசனை இருந்தது. நாளுக்கு ஒரு புதுப் பழம் மாற்றினோம். மாற்றும்போது விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவர நான் பயந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"இப்ப வலியே இல்ல கண்ணு. சுத்தமா நின்னுபோச்சு."

அம்மா மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். நானும் முழங்கால் போட்டேன். அறிவியல் டீச்சர் நான்! வலி ஏன் நின்றது என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். வேர்த்துக் கிடந்த மனசுக்கு விசிறிவிட்ட மாதிரி இருந்தது, அதோடு விட்டுவிட்டேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், அது ஒன்பதாவது நாள். என் மேசையைச் சுற்றித்தான் கூட்டம். வாழவந்தியிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர்கள் அண்ணாந்து நின்றார்கள். நான் கோலை நீட்டிப் பேரைச் சொன்னேன், அர்த்தத்தைச் சொன்னேன், நாலாவது விரலைக் காட்டினேன். இந்த ஒரு விரலில்தான் மொத்தப் பாரமும் என்று சொல்ல ஆரம்பித்தேன். எத்தனை தடவை சொன்ன வாக்கியம்! அன்றைக்கு அதை முடிக்க முடியவில்லை.

கூட்டத்தில் டிஸ்பென்சரி சிஸ்டர் நின்றிருந்தார். மலையாளத்துக்காரர், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிருந்து எங்களுக்கு மருந்து கொடுத்தவர். கோலைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தேன். அக்காவுக்கு விரலில் வீக்கம், ஒன்பது நாளாகிறது, நேற்று முன்தினத்திலிருந்து வலி இல்லை என்றேன். வலி இல்லை என்றதும் அவர் முகம் மாறிய விதத்தை என்னால் மறக்க முடியாது. நடப்பா, உடனே நட என்றார். இரண்டு பேரும் மழையில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தோம்.

சிஸ்டர் எலுமிச்சம்பழத்தைக் கழற்றினார். உள்ளே விரல் கருத்திருந்தது. மோதிரத்துக்கு மேலே முழுக்கவும் கருப்பு, நுனி சுருங்கியிருந்தது. அந்த வாசனை இப்போது ஒளிய இடமில்லாமல் அறையில் எழுந்தது. அம்மா சேசுவே என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தன் விரலையே யாரோ அந்நியருடையது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் பிடித்து மலையிறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அக்கா என்மேல் சாய்ந்தாள், உடம்பு அனலாகக் கொதித்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் பார்த்தார். முதல் காரியமாக மோதிரத்தை அறுக்கச் சொன்னார். அம்மா தடுக்கவில்லை. வெட்டுக்குறடு வைத்து அறுத்தபோது அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எது குத்தியது என்று கேட்டார். எலுமிச்சை முள்ளுங்க என்றாள் அம்மா. முள்ளுதானா, துருப்பிடித்த இரும்பு என்றால் வேறு மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவரிடம் திரும்பி, "முள்ளுதானுங்க டாக்டர்" என்றாள்.

எனக்காகச் சொன்னாள். அந்த நிலைமையிலும் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சொன்னாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"குடைக்கம்பிங்க. துருப்பிடிச்ச கம்பி. நான்தான் தைக்கச் சொன்னேன்."

டாக்டர் எழுதிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டார். அக்காவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நானும் அம்மாவும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அடிப்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"இரும்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே நானே கூட்டிட்டுப் போயி அறுத்திருப்பனே சாமி."

விரலை அடியோடு எடுத்தார்கள். அதோடு நின்றதே, உயிர் மிஞ்சியதே, அது கடவுள் செயல் என்று டாக்டர் சொன்னார்.

சனிக்கிழமை மாப்பிள்ளையும் அவர் தாயாரும் வந்தார்கள். மாப்பிள்ளை அக்காவின் கட்டிலருகே நின்று, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். கண் கலங்கியிருந்தது. தாயார் வராந்தாவிலேயே நின்றுகொண்டார். அம்மா மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். அவர் அதை வாங்கிப் பிரித்து, அறுபட்டு வாய் பிளந்திருந்ததைப் பார்த்தார். இது நாங்க செஞ்ச முடிவில்லைங்க, ஆண்டவரே காட்டிட்டாருங்க என்றார். அம்மா தலையாட்டினாள். அவளும் அப்படித்தானே நம்பினாள்! மாப்பிள்ளை படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது ஓலையைக் கூற வேண்டாம் என்று சாமியாரிடம் யாராவது சொல்ல வேண்டும். அம்மா என்னைத்தான் அனுப்பினாள். தண்டனையாக அனுப்பினாளா, வேறு ஆள் இல்லாமல் அனுப்பினாளா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறினேன். பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்த சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தாளில் அக்காவின் பேர் இருந்தது. பேனா கேட்டு வாங்கி அதன்மேல் ஒரு கோடு போட்டார். நான் பூசைக்கு நிற்கவில்லை. வாசலில் என் வகுப்புப் பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு, டீச்சர் உங்களுக்குத்தான் முதல் பரிசு என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில், ஓலை கூறினார்களா என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது என்பதே என் கவலை. முந்தின நாள் வராந்தாவில் நடந்தது எதையும் நாங்கள் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அடிவாரம் வருவதற்குள் நாலைந்து பொய் தயார் செய்தேன். ஒவ்வொன்றாக நானே அழித்தேன். இனி அவளிடம் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வார்டுக்குள் நுழைந்தேன்.

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். அவள் கேட்கப்போகிற கேள்விக்காகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்ற பல்லிக்கு என்ன பரிசு குடுத்தாங்க கண்ணு?" என்றாள்.

முதல் பரிசு என்று சொன்னேன். அவளுக்கு நொம்ப சந்தோஷம். பக்கத்துக் கட்டில்காரம்மாவைக் கூப்பிட்டு, என்ற தங்கச்சி டீச்சருங்க, எக்சிபிஷன்ல முதல் பரிசு வாங்கியிருக்காளுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓலையைப் பற்றி அன்றைக்கும் அவள் கேட்கவில்லை, பிறகு எந்த நாளும் கேட்கவில்லை.